கப்பாசிட்டரைப் பெரிதாக்குமுன் நடுப்புள்ளியைப் பாருங்கள்: மூன்று மட்ட இன்வேர்ட்டரில் வோல்ட்டேஜ் ஆட்டத்தைக் குறைப்பது எப்படி

கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஒரு மத்தியானம், உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஒரு தம்பி சப்பாத்துப் பெட்டியோடு வந்து நின்றான். பெட்டிக்குள் இறுதி ஆண்டு வேலைக்காக அவன் செய்த மூன்று மட்ட இன்வேர்ட்டர், அதாவது DC கறண்டை மூன்று ஃபேஸ் AC ஆக மாற்றும் கருவி. "அண்ணா, மீட்டர்ல ரெண்டு கப்பாசிட்டரும் 24, 24 எண்டுதான் காட்டுது. ஸ்கோப்பில பார்த்தா ரெண்டும் மாறி மாறி ஆடுது. பெரிசா வாங்கிப் போடுவமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் முதல் முறை நானும் இதைத்தான் செய்தேன். 1000 மைக்ரோஃபாரட் போதவில்லை என்று 2200, அதுவும் போதாது என்று 4700. அதற்காகக் கொழும்புக்குப் போய், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஆட்டம் குறைந்தது உண்மைதான், ஆனால் மின்வழங்கியைப் போட்ட உடனே அந்தப் பெரிய கப்பாசிட்டர்கள் இழுத்த இழுவையில் ஃபியூஸ் போனது. ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று அதுவரை நான் ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்கவே இல்லை.

அந்தத் தம்பிக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். தேவையானது எக்செல் அல்லது அதைப்போன்ற ஏதாவது ஒரு விரிதாள், உயர்தரத்தில் படித்த சைன் கோசைன், ஒரு மணித்தியாலம். பலகை செய்வதென்றால் 48 வோல்ட்டுக்கு மேல் போகாதீர்கள். வீட்டுக்கு வரும் த்ரீ ஃபேஸ் 400 வோல்ட்டைச் சீராக்கினால் 565 வோல்ட் வரும், அது கற்றுக்கொள்ளுகிற இடம் இல்லை.

இன்னொன்று. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கொள்ளளவி என்று படித்ததைக் கடையில் கப்பாசிட்டர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மின்னோட்டத்தையும் கறண்ட் என்றே சொல்லிவிடுகிறேன். ஸ்கோப் என்பது அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஒஸிலோஸ்கோப்.

படி 1: எந்த ஆட்டம் என்று முதலில் பிரியுங்கள்

வோல்ட்டேஜ் ஆடுகிறது என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இந்த இன்வேர்ட்டர்களில் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று ஆட்டங்கள் இருக்கின்றன, ஒன்றின் மருந்து மற்றதற்கு வேலை செய்யாது.

முதலாவது மெதுவான சரிவு. மேல் கப்பாசிட்டர் 24 இலிருந்து 25, 26 என்று நிமிடக்கணக்கில் ஏற, கீழே உள்ளது அதே அளவு இறங்கும். இரண்டாவது ஒரு வினாடிக்கு 150 தடவை ஆடுவது, அதாவது நம்முடைய 50 ஹேர்ட்ஸின் மும்மடங்கு. தம்பியின் பலகையில் இருந்தது இதுதான். சாதாரண மீட்டர் சராசரியைக் காட்டுவதால் 24, 24 என்று அது நல்ல பிள்ளையாக நிற்கும். மூன்றாவது, சுவிட்ச் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அலையின் ஓரத்தில் வரும் கிணுகிணுப்பு. இது மெகாஹேர்ட்ஸ் கணக்கு, கப்பாசிட்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது அசையாது.

ஸ்கோப்பின் நேர அளவைத் திருப்பிப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ஒரு கட்டத்துக்கு 5 மில்லிவினாடி வைத்துப் பாருங்கள், பிறகு 100 நானோவினாடி வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆட்டம் தெரிந்தால் உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

படி 2: நடுப்புள்ளி ஏன் ஆடுகிறது

மூன்று மட்டம் என்றால் என்ன? 48 வோல்ட்டை இரண்டு கப்பாசிட்டர்களால் 24, 24 என்று பிரித்து, நடுவில் ஒரு புள்ளி எடுக்கிறோம். ஒவ்வொரு ஃபேஸும் மேல்கம்பி, நடுப்புள்ளி, கீழ்க்கம்பி என்ற மூன்றில் ஒன்றோடு எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும். 1981 இல் நபே, தகாஹாஷி, அகாகி என்ற மூன்று ஜப்பானியப் பொறியியலாளர்கள் எழுதிய கட்டுரையோடு பரவலான இந்த அமைப்பில் ஒரு ஃபேஸுக்கு நான்கு சுவிட்ச், இரண்டு டயோட், ஆக மூன்று ஃபேஸுக்கும் 12 சுவிட்ச், 6 டயோட். வரும் நன்மை பெரியது: ஒவ்வொரு சுவிட்சும் பாதி வோல்ட்டேஜைத்தான் தாங்க வேண்டும், வெளியே போகும் அலையும் சைனுக்குக் கிட்ட இருக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலைதான் நடுப்புள்ளி. ஒரு ஃபேஸ் நடுப்புள்ளியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அதன் கறண்ட் முழுவதும் அந்தப் புள்ளியிலிருந்துதான் போகிறது. அந்தப் புள்ளிக்கு வேறு ஆதாரம் இல்லை, இரண்டு கப்பாசிட்டர்களும்தான் கொடுக்க வேண்டும். வெளியே கறண்ட் போனால் மேல் கப்பாசிட்டர் ஏறும், கீழே உள்ளது இறங்கும். உள்ளே வந்தால் மறுபக்கம்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போகப் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவையில், ஏறியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மூன்று பேர் பாதையின் தட்டில் தாளம் தப்பாமல் முன்னும் பின்னும் நடக்கிறார்கள் என்று வையுங்கள். மூவரும் ஒருவருக்கொருவர் சரியான இடைவெளியில்தான் நடக்கிறார்கள், ஆனாலும் பாதை ஒரு பக்கம் சாயும், மறுபக்கம் சாயும். பாதையைப் பெரிதாகக் கட்டினால் சாய்வு குறையும், அதுதான் கப்பாசிட்டரைப் பெரிதாக்குவது. இன்னொரு வழி இருக்கிறது. மூவருமாகச் சேர்ந்து, இடைவெளியை மாற்றாமல், ஒரே பக்கம் ஓரடி தள்ளி நிற்பது. படி 4 இல் செய்யப்போவது இதைத்தான்.

படி 3: எக்செலில் ஆட்டத்தைப் பிடியுங்கள்

இந்தப் படியில்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரு கட்டளை எண் இருக்கிறது, அது -1 க்கும் +1 க்கும் இடையில் சைன் அலையாக ஓடும். கட்டளை 0.9 என்றால் அந்த ஃபேஸ் நேரத்தின் 90 வீதம் மேல்கம்பியில், மிச்சம் 10 வீதம் நடுப்புள்ளியில். -0.45 என்றால் 45 வீதம் கீழ்க்கம்பியில், 55 வீதம் நடுப்புள்ளியில். ஆக, நடுப்புள்ளியில் இருக்கும் பங்கு என்பது ஒன்றிலிருந்து கட்டளையின் அளவைக் குறி பார்க்காமல் கழித்தால் வருவது.

மூன்று ஃபேஸுக்கும் அந்தப் பங்கை அதனதன் கறண்டால் பெருக்கிக் கூட்டினால் நடுப்புள்ளியிலிருந்து போகும் கறண்ட் கிடைக்கும். மூன்று கறண்டையும் கூட்டினால் பூச்சியம் என்பதால் அந்த "ஒன்று" அடிபட்டுப் போய்விடுகிறது, மிஞ்சுவது இவ்வளவுதான்: கட்டளையின் அளவை அதன் கறண்டால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, முன்னால் ஒரு கழித்தல் குறி. எனக்கு இந்த விஷயத்தில் ஆகப் பிடித்த வரி இதுதான், இவ்வளவு பெரிய தலைவலி இவ்வளவு சின்னதாக எழுதப்படுகிறது.

இனி விரிதாள். முதல் நிரலில் 0 இலிருந்து 359 வரை பாகைகள், ஒரு நிரைக்கு ஒரு பாகை. அடுத்த மூன்று நிரல்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று ஃபேஸ்களின் கட்டளைகள்: 0.9 பெருக்கல் கோசைன், மஞ்சளுக்கு 120 பாகை கழித்து, நீலத்துக்கு 120 பாகை கூட்டி. எக்செல் பாகையில் கோசைன் எடுக்காது, ஆரையனில்தான் எடுக்கும், இந்த இடத்தில் விழாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்கடுத்த மூன்று நிரல்களில் கறண்டுகள்: 5 அம்பியர் உச்சம், கட்டளையைவிட 30 பாகை பிந்தி. மோட்டர் மாதிரி ஒரு சுமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது நிரலில் மேலே சொன்ன கூட்டல், கழித்தல் குறியோடு. ஒன்பதாவது நிரலில் மேல், கீழ் கப்பாசிட்டர்களின் வித்தியாசம். 20 மில்லிவினாடியை 360 ஆகப் பிரித்தால் ஒரு பாகைக்கு 55.6 மைக்ரோவினாடி, அதை 1000 மைக்ரோஃபாரட்டால் பிரித்தால் 0.0556. ஆகவே ஒவ்வொரு நிரையிலும் முந்தைய நிரையின் வித்தியாசத்தோடு, நடுப்புள்ளிக் கறண்டை 0.0556 ஆல் பெருக்கிக் கூட்டினால் சரி. முதல் நிரையில் 0 போடுங்கள்.

ஒன்பதாவது நிரலைப் படமாக வரையுங்கள். ஒரு சுற்றுக்குள் மூன்று மலை, மூன்று பள்ளம் வரும், உச்சியிலிருந்து அடிவரை ஐந்தரை வோல்ட்டுக்குக் கிட்ட. அதில் பாதி ஒரு கப்பாசிட்டருக்கு, மற்றப் பாதி எதிர்த்திசையில் மற்றதற்கு, எனவே ஒவ்வொன்றும் 22.6 க்கும் 25.4 க்கும் இடையில் ஆடுகிறது. தம்பியின் ஸ்கோப்பில் இருந்ததும் இதே படம்தான். கணக்குப்போட்ட படத்தையும் ஸ்கோப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப பலகையில பிழையில்லையா அண்ணா?" என்று கேட்டான். இல்லை, பலகை சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

விளையாட்டாக அந்த 30 பாகையை 90 ஆக்கிப் பாருங்கள், ஆட்டம் கூடும். 0 ஆக்கிப் பாருங்கள், குறையும். ஒரே கறண்டுதான், ஆனால் கட்டளையும் கறண்டும் விலகி நிற்கும் அளவுக்கு நடுப்புள்ளி படும் பாடு கூடுகிறது. மின்காரணி (பவர் ஃபேக்டர்) மோசமான சுமையில் இந்தத் தொல்லை அதிகம் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

படி 4: மூன்றுக்கும் ஒரே அளவைக் கூட்டுங்கள்

மோட்டருக்குத் தேவை ஃபேஸ்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும்தான். மூன்று கட்டளைகளுக்கும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் அந்த வித்தியாசம் மாறாது. ஆனால் நடுப்புள்ளியில் நிற்கும் பங்குகள் மாறும். பாதையில் மூவரும் சேர்ந்து ஓரடி தள்ளுவது இதுதான்.

எவ்வளவு கூட்டுவது? 0 பாகை நிரையை எடுங்கள். கட்டளைகள் 0.9, -0.45, -0.45. கறண்டுகள் 4.33, -4.33, 0. கூட்டல் 0.9 பெருக்கல் 4.33, அதிலிருந்து 0.45 பெருக்கல் 4.33 ஐக் கழித்தால் 1.95. நடுப்புள்ளியிலிருந்து -1.95 அம்பியர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு அம்பியர் உள்ளே வந்து கொட்டுகிறது.

இப்போது ஒவ்வொரு கறண்டுக்கும் முன்னால் அதன் கட்டளையின் குறியைப் போட்டுக் கூட்டுங்கள்: 4.33 கூட்டல் 4.33, மொத்தம் 8.66. 1.95 ஐ 8.66 ஆல் பிரித்து, கழித்தல் குறி போட்டால் -0.225. அதை மூன்று கட்டளைகளோடும் கூட்டுங்கள்: 0.675, -0.675, -0.675. சரிபாருங்கள். முன்பு சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைவெளி 1.35, இப்போதும் 1.35. ஆனால் நடுப்புள்ளிக் கறண்ட்? 0.675 பெருக்கல் 4.33, கழித்தல் 0.675 பெருக்கல் 4.33. பூச்சியம்.

முதல் தடவை இதைக் கையால் போட்டுப் பார்த்தபோது நான் கதிரையை விட்டு எழுந்து நடந்தேன். ஒரு கப்பாசிட்டரும் மாற்றவில்லை, ஒரு கம்பியும் தொடவில்லை, மூன்று எண்களில் இருந்து கால் பங்கும் இல்லாத ஒன்றைக் கழித்தோம்.

விரிதாளில் இன்னும் நான்கு நிரல்கள் சேர்த்து எல்லா நிரைக்கும் இதையே இழுத்துவிடுங்கள். இரண்டு இடத்தில் கவனம் தேவை. கூட்டிய பிறகு எந்தக் கட்டளையும் 1 ஐத் தாண்டக்கூடாது, -1 க்குக் கீழேயும் போகக்கூடாது, தாண்டினால் கூட்டும் எண்ணை வெட்டிவிடுங்கள். மற்றது குறி மாறுவது: 35 பாகைக்குப் பக்கத்தில் மஞ்சள் 0.08 போலச் சின்ன எண்ணாக இருக்கும், அதிலிருந்து கழித்தால் அது பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், அப்போது நாம் போட்ட குறிகள் பிழையாகிவிடும். அதற்காக, கிடைத்த புதிய கட்டளைகளின் குறிகளை வைத்து, பழைய கட்டளைகளுக்கே இன்னொரு தடவை கணக்கைப் போடுங்கள். இரண்டு சுற்றுப் போதும். பிறகு புதிய கட்டளைகளை வைத்து ஒன்பதாவது நிரலின் படத்தை மறுபடி வரைந்தால் மலையும் பள்ளமும் படுத்து ஏறக்குறைய நேர்கோடாகி இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுமைக்கு நியூட்ரல் கம்பி இழுத்து நடுப்புள்ளியோடு கட்டியிருந்தால் இந்த வித்தை செல்லாது. மூன்றுக்கும் கூட்டிய அந்த அளவு நியூட்ரல் வழியாகச் சுமைக்குப் போய்விடும். மூன்று கம்பிச் சுமைக்கு மட்டும்தான் இது.

எங்கே கைகொடுக்காது

கறண்ட் 90 பாகை பிந்தி நிற்கும் சுமையில், 90 பாகை நிரையைப் போட்டுப் பாருங்கள். கட்டளைகள் 0, 0.78, -0.78. கறண்டுகள் 5, -2.5, -2.5. நடுப்புள்ளிக் கறண்ட் 3.9 அம்பியர். அதை முழுதாக அடிக்க 0.78 கூட்ட வேண்டும், ஆனால் மஞ்சள் ஏற்கனவே 0.78 இல் நிற்பதால் 0.22 க்கு மேல் இடமில்லை. அதைக் கூட்டினால் 3.9 என்பது 2.8 ஆகக் குறையும், அவ்வளவுதான்.

அதே சுமையில் 0.9 ஐ 0.5 ஆக்கினால், கட்டளைகள் 0, 0.43, -0.43 ஆகும். தேவைப்படும் 0.43 ஐக் கூட்டினாலும் மஞ்சள் 0.87 தான், இடம் இருக்கிறது, கறண்ட் முழுதாகப் பூச்சியமாகிவிடுகிறது. ஆகவே அதிக வோல்ட்டேஜும் மோசமான மின்காரணியும் ஒன்றாக வந்தால் மட்டும்தான் கை கட்டப்படுகிறது. கப்பாசிட்டரைப் பெரிதாக்கும் பேச்சை அந்த மூலைக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் கொள்ளளவுக்கு நேர்மாறு, இரண்டு மடங்கு போட்டால் பாதியாகும், அதற்கு மேல் அதிசயம் ஒன்றும் நடக்காது.

அப்படி வாங்கும்போது மைக்ரோஃபாரட்டை மட்டும் பார்க்காமல், அது தாங்கக்கூடிய அதிர்வுக் கறண்டையும் (ரிப்பிள் கறண்ட்) வெப்பநிலையையும் பாருங்கள். எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள் 10 பாகை சூடு கூட ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. 85 பாகை என்று போட்டதை விட்டு 105 பாகை என்று போட்டதை எடுங்கள். ஆடி மாதத்து வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கப்போகிற சாமான் அது.

படி 5: பலகையில் ஏற்றும்போது

விரிதாளில் இரண்டு கப்பாசிட்டரும் இரட்டைப் பிள்ளைகள். நிஜத்தில் 1000 என்று அச்சடித்த இரண்டில் ஒன்று 900 ஆகவும் மற்றது 1080 ஆகவும் இருக்கலாம், கசிவும் வேறு வேறு. சுவிட்ச்களின் இறந்த நேரமும் (ஒன்று நின்று மற்றது தொடங்கும்வரை விடும் சின்ன இடைவெளி) கணக்கைக் கொஞ்சம் இழுக்கும். இதனால் 150 ஹேர்ட்ஸ் ஆட்டம் போனாலும் முதலாவது வகைச் சரிவு மெதுவாகத் தலைகாட்டும்.

அதற்கு இரண்டு கப்பாசிட்டர்களின் வோல்ட்டேஜையும் தடைகளால் பிரித்து மைக்ரோகொன்ரோலருக்குக் கொடுங்கள். மேலே உள்ளது அதிகமாக இருந்தால் நடுப்புள்ளிக்குள் கொஞ்சம் கறண்ட் வரவேண்டும், குறைவாக இருந்தால் வெளியே போகவேண்டும். ஆகவே நடுப்புள்ளிக் கறண்டைப் பூச்சியமாக்குவதற்குப் பதில், வித்தியாசத்தை ஒரு சிறிய எண்ணால் பெருக்கி, எதிர்க்குறியோடு அதையே இலக்காக வையுங்கள். நம்முடைய அளவுகளுக்கு ஒரு வோல்ட்டுக்கு 0.05 அம்பியர் நல்ல தொடக்கம்: 1000 மைக்ரோஃபாரட்டை 20 மில்லிவினாடியால் பிரித்தால் வருவது அது, அதாவது ஒரு சுற்று நேரத்தைச் சரிவைத் திருத்தும் வேகமாக வைக்கிறோம்.

தம்பி இதைப் பத்து மடங்கு கூட்டிவைத்து, "கெதியாச் சமனாகும்தானே" என்றான். ஆகவில்லை. திருத்தம் திருத்தத்தைத் துரத்தி, கூட்டும் எண் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பக்க எல்லையிலும் போய் முட்டியது, வித்தியாசம் முன்பைவிட அசிங்கமாகத் துள்ளியது. 0.05 க்குத் திரும்பி, அங்கிருந்து படிப்படியாக இரண்டு மடங்கு ஆக்கிப் பார்க்கச் சொன்னேன். அளக்கும் பாதையில் கனமான வடிகட்டியும் போடாதீர்கள், வடிகட்டி பிந்தினால் நீங்கள் பழைய ஆட்டத்துக்குத்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒவ்வொரு கப்பாசிட்டருக்கும் குறுக்கே 4.7 கிலோஓம் தடை ஒன்று வையுங்கள். கசிவு வித்தியாசத்தை அது ஓரளவு மறைக்கும், கரண்ட் நிறுத்திய பிறகு ஒரு 25 வினாடியில் கப்பாசிட்டரை வெறுமையாக்கியும் விடும். கால் வாற்று தடை போதும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பலகைக்கு வார்னிஷ் அடித்துவிடுங்கள், உப்பு ஈரம் கால்களுக்கு இடையில் படிந்து தானே ஒரு தடையாகிவிடும். மாரி காலத்தில் மட்டும் சரிகிற பலகை ஒன்றை ஒரு மாதமாகத் துருவி, கடைசியில் பழைய பல்துலக்கும் தூரிகையும் ஸ்பிரிட்டும் வைத்துத் தேய்த்துத் தீர்த்த அனுபவம் எனக்கு உண்டு.

படி 6: அந்தக் கிணுகிணுப்பு

இது முற்றிலும் வேறு வியாதி. கம்பியிலும் பலகைத் தடத்திலும் இருக்கும் சிறிய தூண்டமும் (இண்டக்டன்ஸ்), சுவிட்சாக வேலை செய்யும் மொஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் சிறிய கொள்ளளவும் சேர்ந்து மணி மாதிரி அடிக்கின்றன. மூன்று மட்ட அமைப்பில் சில நிலைமாற்றங்களின்போது கறண்ட் உள்ளே இருக்கும் இரண்டு சுவிட்ச்களையும் சுற்றிக்கொண்டு நீளமாகப் போகவேண்டி வருவதால், சாதாரண இன்வேர்ட்டரைவிட இங்கே அது அதிகம்.

அளக்குமுன் ஸ்கோப் முனையின் நீளமான முதலைக் கிளிப்பைக் கழற்றிவிட்டு, குட்டையான கம்பிச் சுருளால் நிலத்தைத் தொடுங்கள். அந்தக் கிளிப் கம்பியே ஒரு தூண்டி, நீங்கள் பார்ப்பதில் பாதி அதன் பாட்டாக இருக்கலாம். பிறகு, மேல்கம்பிக்கும் நடுப்புள்ளிக்கும் ஒன்று, நடுப்புள்ளிக்கும் கீழ்க்கம்பிக்கும் ஒன்று என்று 1 மைக்ரோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர்களைச் சுவிட்ச்களுக்கு ஒட்டினாற்போலப் பற்றவையுங்கள். பாதித் தொல்லை இதிலேயே போகும்.

மிச்சத்துக்கு ஸ்னபர், அதாவது சுவிட்சுக்குக் குறுக்கே தொடராக ஒரு தடையும் ஒரு சின்னக் கப்பாசிட்டரும். அளவு கண்டுபிடிக்க ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. கிணுகிணுப்பின் அதிர்வெண்ணை அளந்து பாருங்கள், 20 மெகாஹேர்ட்ஸ் என்று வைப்போம். சுவிட்சுக்குக் குறுக்கே சிறிய கப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அதிர்வெண் பாதியாகும் இடத்தைப் பிடியுங்கள். 1500 பிக்கோஃபாரட்டில் பாதியானால், உள்ளே ஒளிந்திருந்தது அதில் மூன்றில் ஒன்று, 500 பிக்கோஃபாரட். அதிர்வெண் பாதியாக மொத்தக் கொள்ளளவு நான்கு மடங்காக வேண்டும் என்பதால் இந்த மூன்றில் ஒன்று. அதிலிருந்து தூண்டம் 127 நானோஹென்ரி என்று வரும், இரண்டையும் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் 16 ஓம். 15 ஓம் தடையையும் 1500 இலிருந்து 2200 பிக்கோஃபாரட் வரையான கப்பாசிட்டரையும் தொடராகப் போட்டால் மணி ஓய்ந்துவிடும்.

24 வோல்ட்டில், 10 கிலோஹேர்ட்ஸில், இந்த ஸ்னபர் தின்பது 13 மில்லிவாற்று, கணக்கிலேயே இல்லை. அதையே 400 வோல்ட்டில் ஒவ்வொரு சுவிட்சிலும் வைத்தால் ஒன்றுக்கு மூன்றரை வாற்று சூடாகும், பன்னிரண்டுக்கு 42. அதனால் ஸ்னபரைக் கண்டபடி பெரிதாக்காதீர்கள்.

மூன்றுக்கு மேல் போனால்

மட்டங்கள் கூடக் கூடக் கதை மாறும். 2003 இல் லெஸ்னிகார், மார்குவார்ட் என்ற இருவர் முன்வைத்த அமைப்பில் நடுப்புள்ளி என்று ஒன்றே இல்லை, தனித்தனிக் கப்பாசிட்டர் வைத்த சின்னச் சின்னப் பெட்டிகளை அடுக்கடுக்காகக் கோர்த்திருப்பார்கள். 2010 இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கடலடியில் 400 மெகாவாற்று கொண்டுபோன இணைப்பு அந்த வகைதான். இந்த வகையை நம்முடைய 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால் ஆட்டம் 50 இலும் 100 ஹேர்ட்ஸிலும் வரும். ஃபேஸ்களுக்குள்ளேயே சுற்றும் 100 ஹேர்ட்ஸ் கறண்டை அடக்குவதுதான் அங்கே முதல் வேலை. அதைத் தொடங்குமுன் இந்த விரிதாளை ஒரு தடவை நீங்களே வெறும் தாளிலிருந்து கட்டிப் பாருங்கள், யாரிடமும் கோப்பு கேட்காதீர்கள், நானும் தரமாட்டேன்.

தம்பி இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் வந்தான். 30 பாகைச் சுமையில் ஒவ்வொரு கப்பாசிட்டரிலும் 2.8 வோல்ட் ஆடிய இடத்தில் இப்போது அரை வோல்ட்டுக்கும் குறைவு, அதே 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்களோடு. அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம், கறண்ட் அளக்கும் உணரி ஒன்று பூச்சியத்தில் கொஞ்சம் விலகி நின்றது. அதைத் திருத்திக்கொண்டிருக்கும்போது அலுமாரிக்குள் இருந்த என்னுடைய பழைய 4700 கள் அவன் கண்ணில் பட்டுவிட்டன. "இதைக் கொண்டுபோகட்டா அண்ணா?" என்றான். எதற்கு என்று கேட்டேன். கோவில் திருவிழாவுக்கு அம்பிளிஃபயர் ஒன்று செய்யப்போகிறானாம். கொடுத்துவிட்டேன்.